மக்களைத் திரட்டுவதும் ஒரு வேலையே

பட்டம் பெற்றபின் என்ன என்று கேட்டால் வங்கி, பள்ளி, அரசுத் தேர்வு என்கிறோம். மக்களைத் திரட்டும் வேலையைச் சொல்வோர் இல்லை. அதைத் 'தொண்டு' என்று கும்பிட்டு ஒதுக்கிவிடுகிறோம்.

2022-இல் மறைந்த அகமதாபாத் இலா பட் அம்மையார் சட்டம் பயின்றவர். ஆலைத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றியவர். தலைச்சுமை தூக்குவோர், பழந்துணி விற்போர் போன்ற பெண்களுக்காக 1972-இல் 'சேவா' சங்கத்தைத் தொடங்கினார். முதலாளியே இல்லாதவர்களுக்குச் சங்கம் எதற்கு என்றது தொழிலாளர் துறை. தொழிலாளர் ஒன்றுபடவே சங்கம் என வாதாடிப் பதிவு பெற்றார். 1974-இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு வங்கியே தொடங்கினர். எழுதத் தெரியாதவருக்குக் கணக்கு எப்படி? கணக்கு எண் எழுதிய பலகையை ஏந்தச் செய்து படம் பிடித்தார்கள், அதுவே அடையாளம். வெறும் இரக்கத்தால் இப்படி யோசிக்க முடியுமா?

சேவா பீடித் தொழிலாளரையும் திரட்டியது. என் தாயும் பீடி சுற்றுபவர்தான். ஆயிரத்துக்கு எத்தனை கழிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். யாரிடம் கேட்பது என்பது தெரியாது. நம் சேவை முகாம்களில் தெருக் கூட்டுகிறோம். அத்தெருப் பெண்களின் கூலியைப் பற்றிப் பேச அட்டவணையில் நேரமில்லை.

சம்பளம் வாங்கினால் தொண்டாகுமா என்பர் சிலர். இலா பட் வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளை. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய என் போன்றோர் சம்பளமின்றி எப்படி வருவது? வசதி படைத்தவரே ஏழைகளைத் திரட்டட்டும் என்பதா?

வேலைவாய்ப்புப் பலகையில் இத்தகைய சங்கங்களின் அறிவிப்புகளையும் ஒட்டுமாறு பேராசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.