ரெஃப்ரிக்குக் கைதட்டிய ராத்திரி: என்எஃப்எல் சம்பள ஒப்பந்தங்களில் ரசிகர்கள் பார்ப்பதும் பார்க்காததும்

2012 செப்டம்பர் 27, வியாழக்கிழமை இரவு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். ரேவன்ஸ் அணிக்கும் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்கும் மேட்ச். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில் ரெஃப்ரிகள் மைதானத்துக்குள் வர, ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள்.

ஆமாம், ரெஃப்ரிகளுக்குத்தான். எந்த விளையாட்டாக இருந்தாலும் ரசிகர்களிடம் திட்டு வாங்குவதற்கென்றே இருப்பவர்கள் அவர்கள். அன்றைக்கு மட்டும் அப்படியொரு வரவேற்பு கிடைக்கக் காரணம், முந்தைய நாள் இரவு முடிவான ஒரு சம்பள ஒப்பந்தம்.

இங்கே ஃபுட்பால் என்றால் மெஸ்ஸி, ரொனால்டோ ஆடும் ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, ஹெல்மெட் போட்டு ஒருவர் மேல் ஒருவர் பாயும் அமெரிக்கன் ஃபுட்பால். 32 அணிகள் கொண்ட என்எஃப்எல் லீகின் வீரர்களுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது. மில்லிலும் பஸ் டிப்போவிலும் நடப்பது போலத்தான்: சங்கமும் முதலாளிகளும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து ஒப்பந்தம் போடுவார்கள். சம்பளம், எத்தனை ஆட்டம், எத்தனை நாள் பயிற்சி, பென்ஷன் எல்லாம் அதில்தான் முடிவாகும். பேச்சு முறிந்தால் ஸ்டிரைக், இல்லையென்றால் கதவடைப்பு.

ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் கேட்பது ஒரே கேள்விதான். மேட்ச் நடக்குமா, நடக்காதா? நடக்கும் என்று தெரிந்தால் போதும், அப்பாடா என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பவர்கள் குறைவு. ரசிகர்களின் இந்த அவசரம்தான் பேச்சுவார்த்தை மேசையில் அணி உரிமையாளர்களின் கையில் இருக்கும் பெரிய சீட்டு.

நாலரை மாதப் பூட்டு

2011 மார்ச்சில் நடந்ததைப் பார்த்தால் இது புரியும். அப்போது லீகின் ஆண்டு வருமானம் சுமார் 900 கோடி டாலர். அதில் முதல் 100 கோடியை உரிமையாளர்கள் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, மீதியில்தான் வீரர்களுக்குப் பங்கு. அது போதாது, இன்னும் ஒரு 100 கோடி வேண்டும், சீசனை 16 ஆட்டத்திலிருந்து 18 ஆக்க வேண்டும் என்றார்கள். சங்கம் மறுத்தது. மார்ச் 12 அன்று கதவடைப்பு. வீரர்கள் அணி வளாகத்துக்குள் நுழையக் கூடாது, அணி டாக்டரைப் பார்க்கக் கூடாது.

இதில் ரசிகர்கள் அதிகம் பேசாத ஒரு விஷயம் உண்டு. ஆட்டமே நடக்காவிட்டாலும் டிவி நிறுவனங்களிடமிருந்து சுமார் 400 கோடி டாலர் வருகிற மாதிரி லீக் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தது. இது வீரர்களுடனான உடன்படிக்கையை மீறியது என்று நீதிபதி டேவிட் டோட்டி தீர்ப்பளித்தார். அதாவது, ரசிகர்கள் உட்கார்ந்து பார்க்கும் டிவியிலிருந்து வரும் பணத்தை வைத்தே, ஆட்டம் இல்லாத மாதங்களைத் தாக்குப்பிடிக்கத் திட்டம் தயாராக இருந்தது.

ஏப்ரல் 28 அன்று நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் புதிய வீரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்ட். மேடையேறிய லீக் கமிஷனர் ரோஜர் குடெலுக்கு ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். ‘எங்களுக்கு ஃபுட்பால் வேணும்’ என்று கோஷம். வீரர்களுக்கு நியாயம் வேணும் என்று இல்லை, கவனியுங்கள். ஃபுட்பால் வேணும், அவ்வளவுதான்.

ஜூலை 25 அன்று உடன்பாடு வந்தது. அன்றைய படம் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். சில நாள் முன்புதான் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் உரிமையாளர் ராபர்ட் கிராஃப்டை, வீரர்கள் தரப்பில் பேசிய ஜெஃப் சாட்டர்டே அணைத்துக்கொண்டார். ரத்தானது ஓஹியோவின் கேன்டன் நகரில் நடக்கவிருந்த ஒரேயொரு பயிற்சி ஆட்டம். ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். ஒண்ணும் போகலையே!

போனது வேறு. பத்து ஆண்டு ஒப்பந்தத்தில் வருமானத்தில் வீரர்களின் பங்கு 47 சதவீதம் அளவில் நின்றது. புதுமுகங்களின் சம்பளம் தலைகீழாகச் சரிந்தது. 2010 டிராஃப்டில் முதலிடம் பிடித்த சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். அடுத்த ஆண்டு அதே இடம் பிடித்த கேம் நியூட்டனுக்கு நாலு ஆண்டுக்கு சுமார் 2.2 கோடி. ஆனால் சங்கம் வெறும் கையோடு வரவில்லை. 18 ஆட்டம் கைவிடப்பட்டது. ஒரே நாளில் இரண்டு முறை கவசம் மாட்டி மோதிப் பயிற்சி எடுக்கும் வழக்கம் ஒழிந்தது. சங்கம் பணத்தில் இறங்கிக்கொடுத்து உடம்பைக் கொஞ்சம் காப்பாற்றிக்கொண்டது என்று சொல்லலாம்.

ஒரு தவறான தீர்ப்பு செய்த வேலை

அடுத்த ஆண்டு ரெஃப்ரிகளின் முறை. சங்கத்தில் சுமார் 120 பேர். பெரும்பாலானோருக்கு வேறு வேலை உண்டு. இது பகுதி நேரம். அவர்களுடைய பென்ஷன் திட்டத்தை மாற்ற லீக் விரும்பியது. சங்கம் மறுக்க, கதவடைப்பு. பதிலுக்குச் சிறிய கல்லூரி ஆட்டங்களிலும் பள்ளி ஆட்டங்களிலும் விசில் ஊதியவர்களைக் கொண்டுவந்து சீசனையே தொடங்கிவிட்டார்கள். யார் விசில் ஊதினால் என்ன, ஜனங்கள் பார்க்கத்தான் போகிறார்கள் என்ற கணக்கு.

மூன்றாவது வாரம், செப்டம்பர் 24. சியாட்டிலில் கிரீன் பே பேக்கர்ஸ் 12-7 என்று முன்னிலை. கடைசிப் பந்து. சியாட்டிலின் ரஸல் வில்சன் எறிந்ததை, பேக்கர்ஸின் ஜென்னிங்ஸும் சியாட்டிலின் கோல்டன் டேட்டும் சேர்ந்து பிடித்துக்கொண்டு விழுகிறார்கள். பக்கத்தில் நின்ற இரண்டு ரெஃப்ரிகள் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு சைகை காட்டுகிறார்கள். கடைசியில் டச் டவுன் என்று முடிவாகி, சியாட்டில் 14-12 என்று ஜெயிக்கிறது.

நாடே கொதித்தது. அதிபர் ஒபாமா ட்விட்டரில், கதவடைப்பு சீக்கிரம் முடியட்டும் என்றார். அதைவிட வேடிக்கை, விஸ்கான்சின் கவர்னர் ஸ்காட் வாக்கர். அரசு ஊழியர் சங்கங்களின் பேரம் பேசும் உரிமையை ஒரு வருடம் முன்புதான் சட்டம் போட்டு நறுக்கியவர். பேக்கர்ஸ் அவருடைய மாநிலத்து அணி. நிஜ ரெஃப்ரிகளைத் திரும்பக் கொண்டு வாங்க என்று அவரும் ட்வீட் போட்டார். சங்கத்து ஆட்கள்தான் அந்த ரெஃப்ரிகள் என்பது அன்று காலை அவருக்கு உறுத்தவில்லை போலும்.

இரண்டே நாளில் உடன்பாடு. எட்டு ஆண்டு ஒப்பந்தம். அப்போதைய ரெஃப்ரிகளுக்குப் பழைய பென்ஷன் இன்னும் சில ஆண்டுகள் தொடரும். ஆண்டுக்கு சராசரியாக 1,49,000 டாலராக இருந்த சம்பளம் 2013-ல் 1,73,000, 2019-க்குள் 2,05,000 ஆகும். மாதக்கணக்கில் அசையாத லீகை, ரசிகர்களின் கோபம் 48 மணி நேரத்தில் அசைத்தது. பால்டிமோர் கைதட்டல் அதற்குத்தான்.

1987-லும் ரசிகர்கள் கோபப்பட்ட ஊர் ஒன்று உண்டு. வீரர்கள் ஸ்டிரைக்கில் இருக்க, மாற்று ஆட்களை வைத்து மூன்று வாரம் ஆட்டம் நடந்தது. சங்கப் பாரம்பரியம் ஊறிய ஃபிலடெல்ஃபியாவில், பிற தொழிற்சங்கத்தினரும் மைதான வாசலில் மறியல் செய்ய, அக்டோபர் 4 ஆட்டத்துக்கு உள்ளே வந்தவர்கள் 4,074 பேர் மட்டுமே. ஆனால் லீக் முழுக்க அப்படி நடக்கவில்லை. அந்த ஸ்டிரைக்கில் சங்கம் ஒன்றும் பெறாமலே வீரர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

இந்தப் பேக்கர்ஸ் அணியே ஒரு விசித்திரம். லீகில் தனி முதலாளி இல்லாத ஒரே அணி. லட்சக்கணக்கான ரசிகர்கள் பங்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். டிவிடெண்ட் கிடையாது, வீட்டில் மாட்டி வைக்க ஒரு பத்திரம் கிடைக்கும். 2011-ல் அணியின் தலைவராக உரிமையாளர்கள் பக்கம் உட்கார்ந்த மார்க் மர்ஃபி, 1982 ஸ்டிரைக் காலத்தில் வீரர்கள் பக்கம் பேசியவர். மேசை அதேதான், நாற்காலி மட்டும் மாறியது.

60 ஓட்டில் வந்த 17-வது ஆட்டம்

2020 மார்ச். கொரோனாவால் உலகமே வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்த வாரம். கூடைப்பந்து லீக் நின்றுவிட்டது. அந்த நேரத்தில் என்எஃப்எல் வீரர்கள் புதிய ஒப்பந்தத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். ஆதரவு 1,019. எதிர்ப்பு 959. வெறும் 60 ஓட்டு வித்தியாசம்.

ஆரன் ராட்ஜர்ஸ், ஜே.ஜே.வாட், ரஸல் வில்சன் என்று பெரிய பெயர்கள் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். காரணம், சீசனை 17 ஆட்டமாக்க இந்த ஒப்பந்தம் உரிமையாளர்களுக்கு அனுமதி தந்தது. ஆதரித்தவர்களை லேசாக நினைக்க வேண்டாம். புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 5,10,000 டாலரிலிருந்து ஒரே அடியில் 6,10,000 ஆனது. கோடிகளில் வாங்குபவருக்கு இது சில்லறை. இரண்டு சீசனில் வெளியே அனுப்பப்படலாம் என்று தெரிந்தே ஆடுபவருக்கு அப்படி இல்லை. வருமானத்தில் பங்கும் 48 சதவீதமாக ஏறியது. இருந்தாலும் கிட்டத்தட்ட பாதிப் பேர் வேண்டாம் என்று சொன்ன ஒப்பந்தம் இது.

ரசிகர்களுக்கு? விளையாட்டே இல்லாத வாரத்தில் பத்து ஆண்டுக்குச் சண்டை இல்லை என்ற செய்தி, அதோடு கூடுதலாக ஒரு ஆட்டம். 2021-லிருந்து 17 ஆட்டம். 959 பேர் ஏன் வேண்டாம் என்றார்கள் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அடிபட்டுப் போனது.

தப்பான தீர்ப்பு ரசிகரின் கண்ணெதிரே நடக்கிறது, ஸ்கோரை மாற்றுகிறது, அதனால் கோபம் வருகிறது. 17-வது ஆட்டத்தில் தேயும் மூட்டும், அதிரும் மூளையும் ஸ்கோர் போர்டில் வருவதில்லை.

எப்போதாவது வரும். 2023 ஜனவரி 2, சின்சினாட்டியில் பஃபலோ பில்ஸ் வீரர் டமார் ஹேம்லின் ஒரு மோதலுக்குப் பிறகு எழுந்து நின்று, அப்படியே சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே மார்பை அழுத்தி உயிரை மீட்டார்கள். டிவியில் நேரலையாகக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். குழந்தைகளுக்குப் பொம்மை வாங்கித் தர அவர் 2020-ல் 2,500 டாலர் இலக்கோடு தொடங்கிய நிதியில், சில நாட்களில் ரசிகர்கள் 80 லட்சம் டாலருக்கு மேல் கொட்டினார்கள்.

அந்த அன்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அப்போதுதான் பலர் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். பென்ஷன் தகுதிக்கு மூன்று சீசன் வேண்டும். ஹேம்லின் இரண்டாவது சீசனில் இருந்தார். சங்கத்தின் கணக்குப்படி ஒரு வீரரின் சராசரி ஆட்டக் காலமே மூன்று ஆண்டுக்குக் கொஞ்சம்தான் கூட. காயப்பட்டோர் பட்டியலுக்குப் போனால் அவருடைய சம்பளம் குறைந்துவிடும் என்று ஒப்பந்தம் இருந்தது. அணியும் லீகும் பேசி முழுத் தொகையும் கொடுக்க ஏற்பாடு செய்தன. நல்ல விஷயம்தான். கேமரா இல்லாத பயிற்சி மைதானத்தில் முதுகெலும்பு போன இன்னொரு இரண்டாம் சீசன் ஆளுக்கு அதே ஏற்பாடு நடந்திருக்குமா?

ஹேம்லின் பிழைத்து, திரும்ப ஆடவும் வந்துவிட்டார். 18 ஆட்டப் பேச்சும் திரும்ப வந்துவிட்டது. 2011-ல் சங்கம் தடுத்த அதே 18. குடெல் இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறார்: பயிற்சி ஆட்டத்தில் ஒன்றைக் குறைத்து, நிஜ ஆட்டத்தில் ஒன்றைக் கூட்டலாம். ரசிகர்களுக்கு இது இனிக்கும். ஏனென்றால் சீசன் டிக்கெட் வாங்குபவர்கள், நட்சத்திரங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பயிற்சி ஆட்டத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறார்கள். அந்த எரிச்சல் நியாயமானது. ஆனால் அந்த எரிச்சலைத் தீர்க்கப் பயிற்சி ஆட்டத்தின் டிக்கெட் விலையைக் குறைத்தாலே போதும்.

இப்போதைய ஒப்பந்தம் 2030 சீசன் வரை. 18 வேண்டுமென்றால் அதற்கு முன்னாலோ பின்னாலோ வீரர்களின் சம்மதம் வேண்டும். கடந்த முறை 30 பேர் மனசு மாறியிருந்தால் 17-ஏ வந்திருக்காது.