அடியாத நாயும் படியும்!



2025-ஆம் ஆண்டின் பிற்பாதியில் செய்தித்தாளைப் பிரித்தால், ஏதாவது ஒரு பக்கத்தில் தெருநாய் இருக்கும். பெரியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். 'எல்லா நாயையும் பிடித்து அடையுங்கள்' என்றது ஒரு கட்சி. 'பாவம், வாயில்லா ஜீவன்' என்றது இன்னொரு கட்சி. இந்தச் சத்தத்தில் உங்களைப் பற்றிய ஒரு விஷயம் பலர் காதிலும் விழாமல் போய்விட்டது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். டெல்லியில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வெறிநாய்க்கடியால் இறந்துபோனாள். அந்தச் செய்தியைப் பார்த்த உச்ச நீதிமன்றம், யாரும் மனு போடாமலே, 2025 ஜூலை 28-ஆம் தேதி தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 11-ஆம் தேதி, 'டெல்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் திரியும் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வையுங்கள். திரும்ப வெளியே விடக்கூடாது' என்று இரண்டு நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். பதினோரே நாளில், 22-ஆம் தேதி, மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் உள்ள நாயையும் மூர்க்கமான நாயையும் மட்டும் விடக்கூடாது என்றது.

'பிடித்த நாயை மறுபடி எதற்கு விட வேண்டும்?' என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. ஒரு தெருவில் சோறும் குப்பையும் இருக்கும் வரை அந்தத் தெரு காலியாக இருக்காது. இருந்த நாயைக் கொண்டுபோனால், ஊசி போடாத புது நாய் அங்கே குடியேறும். கருத்தடை செய்து ஊசி போட்ட நாய் அங்கேயே இருந்தால், புதிதாக வருவதை விரட்டும், குட்டியும் போடாது. நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டால், அந்த ஊரில் வெறிநோய் பரவுவது நின்றுவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளும் இந்த வழியைத்தான் சொல்கின்றன.

நவம்பர் 7-ஆம் தேதி இன்னோர் உத்தரவு வந்தது. பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு அரங்கம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் நாய் நுழையாமல் வேலி போட வேண்டும். அங்கே பிடித்த நாயை மறுபடி அங்கே விடக்கூடாது. இது பெரிய எழுத்தில் வந்தது. அதே உத்தரவில், விலங்குகளிடம் எப்படி நடந்துகொள்வது, கடித்தால் உடனே என்ன செய்வது என்று மாணவர்களுக்குப் பள்ளியில் சொல்லித்தர வேண்டும் என்றும் இருந்தது. இதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. வேலியைவிட இதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். பள்ளிக்கு வேலி போடலாம். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் தெருவுக்குப் போட முடியுமா?

வெறிநோய் இருக்கலாம் என்று சந்தேகப்படும் விலங்கிடம் கடி வாங்குபவர்களில், நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்கள். நீங்கள் உயரத்தில் சின்னவர்கள். ஓடுவீர்கள், கத்துவீர்கள், பார்த்ததும் கட்டிப்பிடிக்கப் போவீர்கள். இவையெல்லாம் நாய்க்குப் பிடிக்காதவை.

நாய் பேசும், வாயால் அல்ல, உடம்பால். தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுகிறதா? தின்ன எதுவும் இல்லாதபோதும் உதட்டை நக்குகிறதா? முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால், வெள்ளை விழி தெரியப் பார்க்கிறதா? 'எனக்குப் பயமாக இருக்கிறது, தள்ளிப் போ' என்கிறது. உடம்பு விறைத்துக் கட்டைபோல் நின்றால், அது கடைசி எச்சரிக்கை. வாலை ஆட்டினால் நட்பு என்று நினைக்காதீர்கள். விறைப்பாக நின்று வாலை மட்டும் ஆட்டும் நாயும் கடிக்கும். 'குரைக்கிற நாய் கடிக்காது' என்ற பழமொழியை நம்பிப் பக்கத்தில் போகவேண்டாம். அந்தப் பழமொழி நாய்க்குத் தெரியாது!

நாய் நெருங்கி வந்தால் ஓடாதீர்கள். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு மரம்போல் நில்லுங்கள். அதன் கண்ணை உற்றுப் பார்க்க வேண்டாம். கொஞ்ச நேரத்தில் சலித்துப் போய்விடும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, காதையும் கழுத்தையும் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகவே கூடாது.

அப்படியும் பல் பட்டுவிட்டால்? ஓடும் குழாய்த் தண்ணீரில், சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குப் போனால் இலவசமாக ஊசி போடுவார்கள். சொன்ன தேதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ள வேண்டும். 1885-இல் லூயி பாஸ்டர் இந்த ஊசியைப் போட்டுக் காப்பாற்றிய பையனுக்கு வயது ஒன்பதுதான். நம் குன்னூரில் 1907-இலேயே அவர் பெயரில் நிறுவனம் தொடங்கிவிட்டார்கள். ஆனால், நோயின் அறிகுறி தெரிந்த பிறகு எந்த மருந்தாலும் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. 'நாயை எதற்குச் சீண்டினாய்?' என்று அப்பா அடிப்பாரோ எனப் பயந்து, சின்னக் கீறல்தானே என்று மறைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மறைக்கவே கூடாது. இதைப் படிக்கும் அப்பாக்களும், அம்மாக்களும் கவனிக்க: திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முதலில் ஆஸ்பத்திரி.

பயம் பொல்லாதது. நாய்க்கும் அப்படித்தான்.

'அடியாத மாடு படியாது' என்பார்கள். நாயையும் அடித்துத்தான் பழக்க வேண்டும் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு பயிற்சிப் பள்ளிகளில் 92 வீட்டு நாய்கள். சில பள்ளிகளில் தின்பண்டமும் பாராட்டும் கொடுத்துப் பழக்கினார்கள். மற்றவற்றில் அதட்டல், கழுத்துப்பட்டையை வெடுக்கென்று இழுப்பது போன்ற தண்டனைகள். பயிற்சி முடிந்ததும் நாய்களின் எச்சிலை எடுத்துப் பார்த்தார்கள். அதிகமாகத் தண்டனை வாங்கிய நாய்களுக்குக் கார்டிசால் என்ற சுரப்பு கூடுதலாக ஏறியிருந்தது. பதற்றத்தில் ஏறும் சுரப்பு அது.

இன்னொரு சோதனை இன்னும் சுவையானது. ஒரு பக்கம் வைக்கும் கிண்ணத்தில் எப்போதும் தின்பண்டம் இருக்கும், மறுபக்கம் வைத்தால் இருக்காது என்று நாய்களுக்குப் பழக்கினார்கள். பிறகு கிண்ணத்தை இரண்டுக்கும் நடுவில் வைத்தார்கள். 'இருக்கும்!' என்று நினைக்கும் நாய் பாய்ந்து ஓடும். அதிகமாகத் தண்டனை வாங்கிய நாய்களோ, 'எங்கே இருக்கப் போகிறது' என்பதுபோல் தயங்கித் தயங்கிப் போயின. வாய்ப்பாடு தெரிந்தும், ஆசிரியர் கையில் பிரம்பைக் கண்டதும் எழுந்து நிற்கத் தயங்கும் பிள்ளைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்துவிட்டது. நாய்க்கு அந்தச் சலுகையை நாம்தான் தர வேண்டும்.

உறுமும் நாயை அடித்தால் அது உறுமுவதை விட்டுவிடும், பயத்தை விடாது. அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். மணியைக் கழற்றிவிட்டு ரயிலை வரவிட்ட கதைதான்.

உங்கள் வீட்டு நாய்க்கு 'உட்கார்' சொல்லித்தர வேண்டுமா? பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டாணி அளவு வேகவைத்த கோழித் துண்டை அதன் மூக்கருகே காட்டி, மெல்லத் தலைக்கு மேலே, பின்பக்கமாகக் கொண்டுபோங்கள். தலை மேலே போனால், பின்பக்கம் தானாகத் தரையில் இறங்கும். இறங்கிய அந்த நொடியே 'சபாஷ்' சொல்லிக் கொடுத்துவிடுங்கள். தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. ஐந்து நிமிடம் போதும், பிறகு விளையாட விடுங்கள். அப்பா 'உட்காரு', நீங்கள் 'சிட்', பாட்டி 'ஒக்காருடா' என்றால் பாவம், அது எந்த மொழியைப் படிக்கும்? வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். சாக்லேட், திராட்சை, வெங்காயம் மட்டும் வேண்டாம். அவை நாய்க்கு விஷம்.

நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு எந்தப் பயிற்சியும் பலிக்காது. பயம் வந்தால் விலகி ஓட அதற்கு வழியில்லை, அதனால் கடிக்கப் பார்க்கும். காலையிலும் மாலையிலும் நடக்க அழைத்துப் போங்கள். வெயிலில் வேண்டாம். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

தெருநாய்க்கு இதெல்லாம் புரியுமா என்று கேட்கலாம். கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழுவினர் தெருநாய்களையே ஆராய்கிறார்கள். யாரும் பழக்காத தெருநாய்கள்கூட, மனிதர் கை நீட்டிக் காட்டும் பாத்திரத்தை நோக்கிப் போவதைக் கண்டார்கள். எல்லாம் அல்ல. பாதிக்குப் பாதி, மனிதரைக் கண்டு பயந்து கிட்டேயே வரவில்லை. கல்லடி பட்ட அனுபவமோ என்னவோ!

உங்கள் பள்ளியில் அந்த வகுப்பு நடந்ததா? நடக்கவில்லை என்றால் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்து மருத்துவரை அழைத்து வந்தால் அரை மணி நேரத்தில் சொல்லித்தந்துவிடுவார். அவரிடம் கேட்க ஒரு கேள்வியும் தருகிறேன்: நம் தெருவில் எத்தனை நாய்களுக்கு இந்த ஆண்டு ஊசி போட்டிருக்கிறார்கள்?