சுருட்டுக்கு ஒரு குளிர்பெட்டி

ஷெர்லாக் ஹோம்ஸ் தம் சுருட்டுகளை நிலக்கரி வாளியில் போட்டுவைத்திருந்தார் என்று வாட்சன் அலுத்துக்கொள்வது, 1893இல் வெளிவந்த 'மஸ்கிரேவ் சடங்கு' கதையைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். 140 வகைப் புகையிலைச் சாம்பல்களைப் பற்றி ஆய்வுரை எழுதிய மனிதர் அவர். 1887இல் வந்த முதல் நாவலிலேயே, தரையில் கிடந்த சாம்பலைக் கொண்டு, கொலையாளி பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுசொன்னவர். அத்தகையவர் சுருட்டைப் பேணிய இடம் கரிவாளி! லண்டனின் ஈரக்காற்றுதான் அவருடைய சுருட்டுகளைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

இந்த அலட்சியத்துக்கு நேர்மாறான காட்சியொன்றைச் சிங்கப்பூரில், நம் பழைய மாணவர் ஒருவரின் வீட்டில் கண்டோம். ஒயின் புட்டிகளுக்கென்று செய்த சிறு குளிர்பெட்டி. உள்ளே ஒரு புட்டிகூட இல்லை. கம்பித்தட்டுகளைக் கழற்றிவிட்டு மரத்தட்டுகளைச் செருகி, சுருட்டுகளை ஆண்டுவாரியாக அடுக்கியிருந்தார். அமெரிக்கச் சுருட்டுப் பிரியர்கள் இதற்கு 'வைனடார்' என்று பெயரும் சூட்டியிருக்கிறார்களாம். முதலில் நமக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் விளக்கத் தொடங்கியபின் சிரிப்பு அடங்கிவிட்டது.

சுருட்டு என்பது இலை. காய்ந்தால் எண்ணெய்ப்பசை போய் நொறுங்கும்; ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஏறத்தாழ 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் 18 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பமும் அதற்கு உகந்தவை. வெப்பம் 25 பாகையை நெருங்கினால், இலைக்குள் உறங்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரியத் தொடங்கும் அபாயம் உண்டு. சிங்கப்பூரிலோ பகலின் உச்ச வெப்பம் ஆண்டு முழுவதும் சராசரியாக 31 பாகையை ஒட்டியே இருக்கும். ஆகவே அங்கே அழகிய மரப்பேழை மட்டும் போதாது, குளிர்ச்சி தேவை. ஒயினுக்கு உகந்தது 12 முதல் 14 பாகை என்பதால், பெட்டியின் குமிழை அதன் மேல் எல்லைக்குத் திருப்பிவைக்க வேண்டும்.

குளிர் வேறு, ஈரம் வேறு என்பதுதான் இதில் நுட்பம். கம்ப்ரசர் வைத்த பெட்டி ஓடும்போதெல்லாம் காற்றின் ஈரத்தைக் குளிர்ந்த தகட்டில் நீராக்கி வடித்துவிடும். சுருட்டு உள்ளேயே உலரும். கம்ப்ரசர் இல்லாத தெர்மோஎலெக்ட்ரிக் வகை ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. ஆனால் அறை வெப்பத்திலிருந்து ஓரளவுக்குத்தான் அதனால் கீழிறங்க முடியும். சென்னையின் மே மாதத்தில் மூச்சுத் திணறும். வடிகால் துளையை அடைத்து, உட்சுவரின் பிளாஸ்டிக் வாடை போகும்வரை திறந்துவைத்து, ஈரம் காக்கும் பொட்டலங்களை இட்ட பிறகே சுருட்டை வைக்கலாம். தட்டுகளுக்கு 'ஸ்பானிய தேவதாரு' மரம். அது ஸ்பெயினுடையதும் அன்று, தேவதாருவும் அன்று. அமெரிக்க வெப்பமண்டலத்தில் வளர்வது, நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஈரமானியைச் சோதிக்க அவர் கையாண்ட முறையோ அடுக்களையிலிருந்து வந்தது. கரைந்தது போக உப்பு மிஞ்சி நிற்கும் ஈர உப்பை மூடிய டப்பாவில் வைத்தால், உள்ளிருக்கும் காற்று 75 விழுக்காட்டில் நிலைகொள்ளும். மானி அதைக் காட்டுகிறதா என்று பார்த்தால் போதும்.

இவ்வளவும் காப்பதற்கான ஏற்பாடு. முதிர்வது வேறு. நொதித்த இலையில் எஞ்சிய அம்மோனியா மெல்ல வெளியேற, காரம் தணிந்து சுவைகள் ஒன்றோடொன்று கலப்பதே முதிர்ச்சி. மட்டமான இலையைப் பத்தாண்டு வைத்தாலும் அது பத்தாண்டுப் பழைய மட்டமான இலைதான். மென்மையான சுருட்டை அளவுக்கு மீறி வைத்தால் இருந்த மணமும் போய்விடும். பழையதெல்லாம் முதிர்ந்ததன்று. இலக்கிய வாசகர்களாகிய நமக்கும் இது புதிய செய்தியன்று; ஆயினும் அவ்வப்போது மறந்துபோகிறோம்.

'புகையிலைக்கு ஏன் இந்தப் பாராட்டு?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சுருட்டு முதிர்வதால் அதன் நஞ்சு முதிர்ந்து விலகிவிடுவதில்லை. வாய்ப்புற்றும் தொண்டைப்புற்றும் சுருட்டின் வயதைக் கேட்டு வருவனவல்ல. மாணவரிடமும் இதைச் சொன்னோம், தலையசைத்தார். அவர் புகைப்பதை அல்ல, அவர் பேணும் முறையையே இங்கே பேசுகிறோம்.

ஏனெனில் அந்தப் புகையிலை வண்டு நமக்கும் பழக்கமானது. லாசியோடெர்மா என்று தொடங்கும் அறிவியல் பெயருடைய அதே வண்டு, நூல்களின் கட்டுப்பசையையும் தாளையும் துளைப்பது. நாம் பயின்ற கல்லூரியின் நூலகத்தில், கட்டடம் செய்த பழைய சிற்றிதழ்த் தொகுதி ஒன்றைச் சென்ற ஆண்டு எடுத்தபோது, முதல் பக்கத்தில் தொடங்கிய ஊசித்துளை கடைசிப் பக்கம்வரை நேராகச் சென்றிருந்தது. தட்டியதும் மேசையில் மாவு கொட்டியது. அது யாருடைய கவிதை என்று இனி எவரும் சொல்ல முடியாது.

சுருட்டுக்கும் நூலுக்கும் பகையில்லை. ஹவானாவின் சுருட்டாலைகளில், 1865 முதலே, தொழிலாளர்கள் இலை சுருட்டும்போது ஒருவர் உரக்கப் படித்துக்காட்டும் வழக்கம் வேரூன்றியது. 1935இல் பிறந்த 'மாண்டிகிறிஸ்டோ' சுருட்டு தன் பெயரைப் பெற்றது டூமாவின் நாவலிலிருந்து. நூலுக்குப் பட்ட அந்தக் கடனைச் சுருட்டுப் பிரியர்கள் இப்போது வேறொரு பாடமாகத் திருப்பித் தருகிறார்கள் என்றே கொள்வோம்.

நூலுக்கு அவ்வளவு ஈரம் ஆகாது. 50 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் போதும். வண்டுக்கு இருவர் கையிலும் மருந்து ஒன்றே. சுருட்டை உறைய வைத்து முட்டைகளைக் கொல்வதுபோல, யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கே நூலகம் 1970களிலேயே நூல்களை உறையவைத்து வண்டுகளை ஒழித்தது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர் சேர்த்துக் காத்தவற்றின்மேல்தான் 1994இல் சென்னையில் ஓர் ஆய்வு நூலகம் எழுந்தது. அவரிடம் பெரும் இயந்திரங்கள் இருந்தனவல்ல. நாள்தோறும் பார்க்கும் கண் இருந்தது.

எல்லோரும் குளிர்பெட்டி வாங்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. அந்த மாணவர் ஞாயிறுதோறும் பெட்டியைத் திறந்து, மானியின் எண்ணை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கிறார். கடைசியில் எரிந்து சாம்பலாகப்போகும் பொருளுக்கு அவ்வளவு அக்கறை. எரியாமல் இருக்க வேண்டியவை நம் பரணில் கிடக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஏறி, ஒரு கட்டையாவது பிரித்துப் பார்ப்போமா?