'எங்க லிமிட்ல வராதும்மா'

2022 ஜனவரி 1 அன்று ஆவடி, தாம்பரம் காவல் ஆணையரகங்கள் செயல்படத் தொடங்கின. சென்னைக் காவலையும் சுற்றியிருந்த மாவட்டங்களின் காவலையும் பிரித்துச் சேர்த்து உருவாக்கப்பட்டவை அவை. திருவள்ளூரிலிருந்து சென்னை நோக்கிப் போகும் சாலையில் மணவாள நகர் மாவட்டக் கண்காணிப்பாளரின் கீழ் இருக்கிறது. பூந்தமல்லி ஆவடி ஆணையரின் கீழ். சாலை ஒன்று, கம்பெனி பஸ் ஒன்று, அதிகாரம் இரண்டு. இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணிடம் ஒருவன் அத்துமீறினால், அது எந்த எல்லையில் நடந்தது என்று அவளே அளந்து சொல்ல வேண்டுமா?

சட்டம் அப்படிக் கேட்கவில்லை. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இலேயே தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம் என்கிறது. ஆனால் நிலையத்தில் கிடைப்பது ஒரு சி.எஸ்.ஆர். ரசீதும், 'ரெண்டு தரப்பும் உட்கார்ந்து பேசுங்க' என்ற அறிவுரையும்தான். 'இந்நேரத்துல ஏம்மா வெளிய வர்றீங்க' என்ற கேள்வி வேறு. அகப்பாடல்களில் தாய் செய்யும் இற்செறிப்பை இன்று காக்கிச் சட்டை செய்கிறது.

மகளிர் காவல் நிலையம் இருக்கிறதே என்பார்கள். 1992இல் ஆயிரம் விளக்கில் தொடங்கி இன்று மாநிலமெங்கும் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. பெண் கூசாமல் பேச ஓர் இடம் வேண்டும் என்ற நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் பக்கத்து நிலையம் அவளைத் தட்டிக்கழிக்க அதுவே வழியாகிவிட்டது. அங்கே போனால், அடித்த கணவனோடு சேர்த்து அனுப்புவதே வெற்றி.

காவல் துறைக்கு வேகம் இல்லாமலில்லை. 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்ட ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அவர்களுடைய தோழிகள் ஸ்ரீபெரும்புதூர் அருகே சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். அன்று யாரும் லிமிட் பார்க்கவில்லை. பெண்களை வண்டியில் ஏற்றிப் பிடித்து வைத்தார்கள். சாலையை மறித்த பெண்ணிடம் உடனே வரும் காவல், சாலையில் மறிக்கப்பட்ட பெண்ணிடம் முகவரி கேட்கிறது.

ஆணையரகம் வந்தால் ஆளும் வண்டியும் கூடும் என்கிறார்கள். கூடட்டும். ஆனால் புகார் மேசையில் கணக்கு மாறவில்லையே! வழக்கு கூடினால் 'உங்கள் பகுதியில் குற்றம் பெருகிவிட்டது' என்று ஆய்வாளரைக் கேட்கிறார்கள். பதியாமல் விட்டால் பகுதி அமைதியாக இருக்கிறது என்று பெயர். அந்த அமைதி, வாயடைக்கப்பட்ட பெண்களால் ஆனது.

ஆகவே கேட்போம். ஷிப்ட் பஸ் நிற்கும் ஊர்களின் நிலையங்களில் இரவு முழுக்கப் புகார் எழுத ஒரு பெண் அதிகாரி இருக்க வேண்டும். முதலில் போகும் நிலையமே வழக்குப் பதிந்து, நகலை இலவசமாக அவள் கையில் தர வேண்டும். எத்தனை பெண்களைத் திருப்பி அனுப்பினார்கள் என்பதை வைத்து அதிகாரியை மதிப்பிட வேண்டும். இவற்றைச் செய்யாமல் எல்லைக்கோட்டை எங்கே நகர்த்தினாலும், பெண் அதற்கு வெளியேதான் நின்றுகொண்டிருப்பாள்.