மூன்றாவது நிமிஷத்தில் ஒரு கோல்

கால்பந்து என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்கு ஓடிவிடாதீர்கள், சகோதரிகளே! திருப்பங்களைத் தொடர்கதைக்காரர்களா குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள்? நம் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தில் 2019-ம் வருஷம் மார்ச் 9-ந் தேதி மாலை நடந்ததைக் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள்.

ஐ-லீக் பந்தயத்தின் கணக்கு மிகவும் சுலபம். ஜெயித்தால் 3 புள்ளி, சமமாக முடிந்தால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. எல்லா ஆட்டமும் முடிந்த பிறகு யார் கையில் அதிகம் மிச்சமோ, அவர்களுக்கே பட்டம். மளிகைக் கணக்கு எழுதுகிற நமக்கு இது ஒரு பிரமாதமா?

கோவையைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணியிடம் அன்று காலை வரை 40 புள்ளிகள். ஈஸ்ட் பெங்கால் அணியிடம் 39. இருவருக்கும் பாக்கி ஒவ்வொரு ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் அன்று மாலை கோழிக்கோட்டில் ஆடியது. அங்கே அவர்கள் ஜெயித்து, இங்கே நம்மவர்கள் சமமாக முடித்தால் பட்டம் போய்விடும். ஜெயித்தே ஆக வேண்டும். எதிரே நின்றதோ முந்தைய வருஷத்துச் சாம்பியனான மினர்வா பஞ்சாப். அதே முந்தைய வருஷம் சென்னை சிட்டி 10 அணிகளில் 8-வது!

ஆட்டம் ஆரம்பித்து மூன்றாவது நிமிஷம். கோல்! ஆனால் அது நமக்கு அல்ல, மினர்வாவுக்கு. பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பொங்கி வழிந்ததுபோல் ஆகிவிட்டது. பாதி ஆட்டம் முடியும்வரை அந்தக் கடன் அடையவில்லை.

இடைவேளைக்குப் பிறகு ஒரு பெனால்டி கிடைத்தது. உருகுவே நாட்டில் பிறந்த பெட்ரோ மான்ஸி அதைக் கோலாக்கினார். அந்தப் பருவத்தில் அவர் போட்ட கோல்கள் மொத்தம் 21. ஆனாலும் 1-1 போதாதே! அப்போது கை கொடுத்தவர் யார் தெரியுமா? கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர். கோல் விழாமல் காப்பதுதான் அவருடைய வேலை. பந்தியில் பரிமாறிக்கொண்டே இருந்து, கடைசியில் தான் சாப்பிடுகிற மனுஷரைப் போன்றவர். அவர் ஒன்று போட்டார்; ஆட்டம் முடிகிற தறுவாயில் இன்னொன்றும் போட்டார். 3-1! கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்தது. ஆகவே 43-க்கு 42. ஒரே புள்ளியில் பட்டம் கோயமுத்தூரில் தங்கியது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் சுபம். ஆனால் 2021-22 பருவத்தின் ஐ-லீக் பட்டியலில் அந்த அணியின் பெயரே இல்லை. கல்யாணம் தடபுடலாக நடந்தால் மட்டும் போதுமா? அதற்குப் பிறகு குடித்தனம் நடக்க வேண்டாமா? பட்டம் வாங்குவது ஒரு மாலை வேலை; அணியை வளர்ப்பது வருஷக்கணக்கான வேலை.

வளர்ப்பது என்றதும் நம் பெண்களின் ஞாபகம் வருகிறது. 2018-ல் கட்டாக்கில் நடந்த தேசியப் பெண்கள் கால்பந்துப் போட்டியில், பல முறை பட்டம் வென்ற மணிப்பூரைத் தமிழ்நாடு 2-1 என்று தோற்கடித்தது. 2019-ல் மதுரையின் சேது அணி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. 2023-ல் தேசியப் பட்டம் மறுபடியும் தமிழ்நாட்டுக்கே. ஆடியவர்கள் எல்லாரும் நம் வீட்டுப் பெண்களைப் போன்றவர்களே. "வெயிலில் கறுத்துப் போவாய், காலை உடைத்துக்கொள்வாய்" என்று அவர்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். நல்ல வேளை, அவர்கள் கேட்கவில்லை!

ஆகவே, உங்கள் பெண் மாலையில் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போகிறேன் என்றால், "அண்ணன் போகட்டும், நீ வெங்காயம் உரி" என்று நிறுத்தாதீர்கள். வெங்காயத்தை அண்ணனும் உரிக்கலாம். கண்ணில் நீர் வந்தாலும் பாதகமில்லை; மூன்றாவது நிமிஷத்தில் கோல் வாங்கியவர்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கும்!