கண்ணை மூடச் சொல்லும் முன்

"வசதியா உட்காருங்க. கண்ணை மூடிக்குங்க. மூச்சை நல்லா ஆழமா இழுங்க." மனநலப் பணியில் இருக்கும் நம்மில் பலருக்கு அமர்வு இப்படித்தான் தொடங்குகிறது. உடம்பின் வழியே மனக்காயத்தை ஆற்றுவது பற்றி இன்று பேசாத பயிற்சிப் பட்டறை இல்லை. மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் இதைப் பற்றி எழுதிய நூல் 2014இல் வெளிவந்த பிறகு இந்தப் பேச்சு உலகமெங்கும் பெருகியது; நம் ஊருக்கும் வந்து சேர்ந்துவிட்டது. வந்தது நல்லதுதான். பேசிப் பேசியே எல்லாவற்றையும் தீர்த்துவிடலாம் என்றிருந்த நம்பிக்கைக்கு அது ஒரு கடிவாளம். ஆனால், மேலே சொன்ன மூன்று கட்டளைகளில் பின்னிரண்டும் சிலருக்குத் தீங்கு செய்யக்கூடியவை. அதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

முதலில் நம்மிடம் வருகிறவர்களைப் பார்ப்போம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் வெளிநோயாளிக் கூடத்தில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்திருந்தால் போதும். "கவலையா இருக்கு" என்று தொடங்குவோர் சிலரே. "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது", "உச்சந்தலை எரியுது", "வயித்தைப் போட்டுப் பிசையுது", "கைகால் மரத்துப் போகுது" என்றுதான் பேச்சு தொடங்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் இசிஜி, எக்கோ, வயிற்று ஸ்கேன், மூன்று ஊர் டாக்டர்களின் சீட்டுகள். எல்லாரும் "நார்மல்" என்றுதான் எழுதியிருப்பார்கள். போரில் சிக்கிய யாழ்ப்பாண மக்கள் தங்கள் துயரத்தைப் பெரும்பாலும் உடல் நோவாகவே மருத்துவரிடம் கொண்டுவந்ததை மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியிருக்கிறார். நெஞ்சு நோவும் பெருமூச்சும் அங்கே மனத்துயரின் குரல்களாகவே கேட்டன. இவர்களிடம் போய் "நீங்கள் உடம்பை மறந்துவிட்டீர்கள், அதனோடு மீண்டும் உறவு கொள்ளுங்கள்" என்றால், "உடம்பைத் தவிர வேற எதையும் நான் நினைக்கிறதே இல்லையே சார்" என்பார்கள். அவர்கள் சொல்வது சரி.

அதே வரிசையில் இன்னொருவரும் உட்கார்ந்திருப்பார். பசி தெரியாது, குளிர் தெரியாது, சுட்டுக்கொண்டால்கூடக் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். "கழுத்துக்குக் கீழ என்ன இருக்குன்னே தெரியல" என்பார். வன்முறைக்கு உள்ளானவர்களிடம், குறிப்பாகச் சிறு வயதில் உள்ளானவர்களிடம், இதை அடிக்கடி பார்க்கிறோம். உடம்பிலிருந்து விலகி நின்றதுதான் அந்த நாட்களில் அவரைக் காப்பாற்றியது.

முதலாமவர் உடம்பை ஓயாமல் ஒட்டுக்கேட்கிறார். இரண்டாமவருக்கு அது கேட்பதே இல்லை. இருவருக்கும் ஒரே பயிற்சி எப்படிப் பொருந்தும்?

உள்ளிருந்து வரும் உடல் உணர்வை நரம்பியல் இப்போது கவனமாகவே ஆராய்கிறது. இதயத் துடிப்பு, வயிற்றின் இறுக்கம், மூச்சின் தேவை ஆகிய செய்திகள் மூளையின் இன்சுலா பகுதியில் வந்து கூடுகின்றன. பிரிட்டிஷ் ஆய்வாளர் சாரா கார்ஃபிங்கலும் அவருடைய குழுவினரும் 2015இல் ஒரு பயனுள்ள வேறுபாட்டை முன்வைத்தனர். தன் துடிப்பைச் சரியாக உணர்வது ஒன்று. சரியாக உணர்கிறேன் என்று நம்புவது வேறொன்று. இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. திடீர்ப் பீதிக்கு ஆளாகிறவர் துடிப்பைக் கவனிக்கிறார் என்பதைவிட, ஒவ்வொரு துடிப்பையும் ஆபத்தின் அறிகுறியாகப் படிக்கிறார் என்பதே பொருந்தும். அவரிடம் "உங்கள் இதயத்தைக் கவனியுங்கள்" என்பது எரிகிற அடுப்பில் விறகு தள்ளுவது. அவருக்குத் தேவை, வேகமாக அடிக்கும் நெஞ்சு ஓடினாலும் அடிக்கும், காபி குடித்தாலும் அடிக்கும், அதனால் உயிர் போய்விடாது என்ற அனுபவம். நாலு படி ஏறி இறங்கச் செய்து, துடிப்பு ஏறுவதையும் தானாகவே இறங்குவதையும் அவரையே பார்க்க வைப்பது, அரைமணி நேரம் கண்ணை மூடி உட்கார வைப்பதைவிட இங்கே உதவும். இதயநோய் இல்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகு செய்ய வேண்டியது இது.

மூச்சுக்கு வருவோம். "ஆழமா இழுங்க" என்றதும் பதற்றத்தில் இருப்பவர் என்ன செய்கிறார்? தோள் இரண்டும் காதுவரை ஏறும். வாய் திறக்கும். அடுத்தடுத்து நாலைந்து முறை வேகமாக, பெரிதாக இழுப்பார். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் நுனி குறுகுறுக்கிறது, உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது, தலை சுற்றுகிறது. எந்த அறிகுறிகளுக்குப் பயந்து நம்மிடம் வந்தாரோ அவற்றை நாமே வரவழைத்துக் கொடுத்துவிட்டோம். நீளமாக வேண்டியது வெளிமூச்சு. மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பு தணிகிறது; உள்ளே போகும்போது சற்று ஏறுகிறது. ஆகவே "சாதாரணமா இழுங்க, மெதுவா விடுங்க" என்பதே போதும். பூவை முகர்ந்து, சூடான டீயை ஊதுவதுபோல் என்று காட்டினால் எந்த வயதினருக்கும் புரிகிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்றெல்லாம் முதல் நாளே கணக்குச் சொல்லி மிரட்ட வேண்டியதில்லை.

கண்ணை மூடுவது இன்னும் சிக்கலானது. குழுப் பயிற்சி ஒன்றில் சவாசனம் நடக்கும்போது, கண்ணை மூடியிருப்பவர்களை விட்டுவிட்டு, மூடாதவர்களைப் பாருங்கள். ஓர் அம்மா கதவைப் பார்த்தபடி படுத்திருப்பார். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்திருப்பார். கால் கட்டைவிரல்கள் இரண்டும் விறைத்து நிற்கும். பயிற்சியாளர் அருகே நடந்து வரும் காலடி கேட்டதும் அந்த உடம்பு முழுவதும் ஒரு நொடி இறுகும். அப்போது பயிற்சியாளர் குனிந்து, நல்லெண்ணத்தோடுதான், "தளர்த்துங்கம்மா" என்று தோளில் கை வைப்பார். அந்த அம்மா அடுத்த வாரம் வரமாட்டார். "ஒத்துழைக்கவில்லை, இடையில் நின்றுவிட்டார்" என்று பதிவேட்டில் எழுதுவோம்.

தளர்வதே சிலருக்கு அச்சமூட்டும் என்பது புதிய செய்தி இல்லை. உளவியல் ஆய்வாளர்கள் ஹைடும் போர்கோவெக்கும் 1983இலேயே இதை ஆய்வுக்கட்டுரையாக எழுதினார்கள். எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சியில்கூட, பதற்றம் குறைவதற்குப் பதிலாகச் சிலருக்கு ஏறியது. விழிப்பாக இருந்தால்தான் பிழைக்க முடியும் என்று பல ஆண்டுகள் கற்றுக்கொண்ட உடம்பு, நாம் சொன்ன மாத்திரத்தில் காவலைக் கைவிடுமா?

இதையெல்லாம் சொல்வதால் உடல்வழிப் பணி வேண்டாம் என்று பொருளில்லை. சான்றுகள் ஊக்கம் தருபவைதான். 2004 ஆழிப்பேரலைக்கு எட்டு மாதங்களுக்குப் பின் நாகப்பட்டினம் முகாம்களில் 183 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. யோக மூச்சுப் பயிற்சி பெற்றவர்களிடம் மனவடு (PTSD) அறிகுறிகளும் மனச்சோர்வும், காத்திருந்த குழுவைவிட வெகுவாகக் குறைந்தன. ஆனால், யார் எந்தக் குழு என்பது ஆளுக்கு ஆள் குலுக்கலில் அமையவில்லை, முகாம் வாரியாக அமைந்தது. ஒப்பிட்டதும் எந்த உதவியும் பெறாமல் காத்திருந்தவர்களோடு. வான் டெர் கோல்க் குழுவின் 2014ஆம் ஆண்டு ஆய்வு குலுக்கல் முறையில் நடந்தது. நாட்பட்ட மனவடுவுக்குச் சிகிச்சை பலிக்காத 64 பெண்கள், வாரம் ஒரு மணி நேரமாகப் பத்து வாரங்கள். யோகக் குழுவில் 31 பேரில் 16 பேர் முடிவில் அந்த நோய் வரையறைக்குள் வரவில்லை. உடல்நலக் கல்வி பெற்ற குழுவில் 29 பேரில் 6 பேர். நல்ல விளைவு. கூடவே, பாதிப் பேருக்கு நோய் நீடித்தது என்பதையும் அதே எண்கள் சொல்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது அந்த யோகம் கற்பிக்கப்பட்ட விதம். டேவிட் எமர்சன் உருவாக்கிய அந்த முறையில் ஆசிரியர் யாரையும் தொட்டுத் திருத்துவதில்லை. கட்டளைகளும் இல்லை. "விருப்பமானால் கையை உயர்த்தலாம், அல்லது அப்படியே வைத்திருக்கலாம்" என்பதுதான் பேச்சின் நடை. கண் திறந்தே இருக்கலாம். என் கணிப்பில் மருந்தின் பெரும்பகுதி ஆசனத்தைவிட இந்த நடையில்தான் இருக்கிறது. தன் உடம்புக்கு நடந்ததைத் தடுக்க முடியாமல் போன ஒருவர், "வேண்டாம், இதை நான் செய்யவில்லை" என்று சொல்லி, அந்தச் சொல் மதிக்கப்படுவதைக் காண்கிறார். "சொன்னதைச் செய்" என்றே பழகிய நம் வகுப்பறை, மருத்துவமனைப் பண்பாட்டில் இந்த நடை நம் வாயில் எளிதில் வராது. பழக வேண்டும்.

ஆகவே வெளியிலிருந்து தொடங்குவோம். உள்ளங்கால் தரையில் படுவது, முதுகு நாற்காலியில் சாய்வது, சுவரை உள்ளங்கையால் தள்ளிப் பார்ப்பது, தண்ணீர் செம்பின் குளிர்ச்சி. நெஞ்சும் வயிறும் இடுப்பும் பிறகு வரட்டும். சிலருக்கு வராமலே போகட்டும். காலிலிருந்து தலைவரை வரிசையாகக் கவனிக்கச் சொல்லும்போது, எந்த இடத்தையும் தாண்டிப் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு நிமிடம் செய்து, நிறுத்தி, கேட்டு, பிறகு அடுத்த நிமிடம்.

பாய் விரித்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. முன்பு எந்த வேலையில் கை தானாக ஓடியது என்று கேட்டுப் பாருங்கள். கோலம், பூக்கட்டுவது, வலை பின்னுவது, கும்மி, பறை என்று ஏதாவது ஒன்று வரும். இழவு வீட்டில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் அணைத்து, சேர்ந்து ஆடி அழும் ஒப்பாரி, துயரத்தை உடம்போடு சேர்த்துக் கரைக்க நம் சமூகம் வைத்திருந்த ஏற்பாடு. நகரத்துத் துக்க வீடுகளில் அதற்கு இப்போது இடமில்லை. ஆனால் இதையும் மிகைப்படுத்த வேண்டாம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, நூறு நாள் வேலைக்கும் போய்விட்டு வரும் பெண்ணிடம் "உடம்பை அசையுங்கள்" என்று அறிவுரை சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்கு வேண்டியது இன்னும் இரண்டு மணி நேரத் தூக்கமும், அதை அனுமதிக்கும் ஒரு வீடும். அப்போது குடும்பத்தோடு பேசுவதே உடல்வழிச் சிகிச்சை.

இன்னொன்று, சலிப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. படபடப்பு, களைப்பு, மூச்சு வாங்குதல் எல்லாம் அதிலும் வரும், தைராய்டு கோளாறிலும் வரும். ஹீமோகுளோபின் பார்க்காமல் மூச்சுப் பயிற்சி தொடங்குவது கடமை தவறுவது. அந்தப் பிளாஸ்டிக் பையை வாங்கி, ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் படியுங்கள். அதில் எக்கோ இருக்கும், பல நேரம் இந்தச் சாதாரண இரத்தப் பரிசோதனை இருக்காது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் பலன் கண்ட பயிற்சிகளே நிறைந்திருக்கின்றன. உடல்வழிப் பயிற்சியின்போது பதற்றம் கூடியவர்கள், பழைய நினைவு வெள்ளமாய் வந்து தடுமாறியவர்கள், பாதியில் நின்றவர்கள் பற்றிய குறிப்புகளையும் எழுதி அனுப்புங்கள். எந்த நிமிடத்தில், எந்தச் சொல்லுக்குப் பின், எந்த உடல்நிலையில் அது நேர்ந்தது என்பதும் இருக்கட்டும். அடையாளங்களை நீக்கி, வந்தவரின் ஒப்புதலோடு, ஒரு பக்க அளவில் இருந்தால் போதும். அடுத்த இதழிலிருந்து அவற்றுக்கென்று தனிப் பகுதி ஒதுக்குகிறோம்.