தேதி சொன்னால்தான் இரட்சிப்பா?

"பிரதர், நீங்க எந்தத் தேதியில இரட்சிக்கப்பட்டீங்க?"

ஊரைவிட்டு வெளியே வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலருக்கு இந்தக் கேள்வி பழக்கம்தான். கொல்கத்தாவோ துபாயோ டொராண்டோவோ, பத்துக் குடும்பம் சேர்ந்து வீட்டு ஜெபக்கூட்டம் ஆரம்பித்தால் மூன்றாவது வாரத்துக்குள் யாராவது கேட்டுவிடுவார். தேதி, மாதம், வருடம் சொல்பவருக்கு ஸ்தோத்திரம். முழிப்பவருக்கு ஜெபம் :-)

மனந்திரும்பிய நாளை நினைவில் வைத்திருப்பவர்கள் தாராளமாகச் சாட்சி சொல்லட்டும், கேட்க எனக்கும் சந்தோஷம்தான். அதற்குப் பின்னால் இருக்கிற கணக்கில்தான் எனக்குச் சண்டை. அன்றைக்கு மனசுக்குள் ஒரு பெரிய சந்தோஷம் வந்தது, ஆகவே இரட்சிப்பு. சரி, இன்றைக்கு அந்தச் சந்தோஷம் இல்லையே, அப்படியானால்...?

எங்கள் சபையில் ஒரு பெரியவர் இருந்தார். பல வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவர். கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தபோது, "ஜெபம் பண்ணினா செவத்தோட பேசுற மாதிரி இருக்கு தம்பி, ஆண்டவர் என்னைக் கைவிட்டுட்டாரோ?" என்று கேட்டார். பார்க்க வந்த ஒருவர், "மறைவான பாவம் ஏதாவது இருக்கான்னு யோசிச்சுப் பாருங்கய்யா" என்று ஆலோசனை சொல்லிவிட்டுப் போயிருந்தார். சாகக் கிடப்பவரிடம்!

நான் அவருக்குச் சொன்னது இதே ஊர்க் கதைதான். காளிகாட்டில் காளி கோயிலை ஒட்டியிருந்த யாத்ரீகர் விடுதியில் மாநகராட்சி இடம் கொடுக்க, 1952-இல் அன்னை தெரசா 'நிர்மல் ஹிருதய்' இல்லத்தைத் தொடங்கினார். தெருவில் சாகக் கிடந்தவர்களுக்கான இடம். (அங்கே வலிக்குச் சரியான மருந்து தரப்படவில்லை என்று 1994-இல் 'லான்செட்' இதழில் ராபின் ஃபாக்ஸ் எழுதினார். நியாயமான விமர்சனம், ஆனால் இன்றைய பேச்சு அது இல்லை.)

அன்னை 1997-இல் இறந்தார். பத்து வருடம் கழித்து, 2007-இல், அவருடைய அந்தரங்கக் கடிதங்களை பிரையன் கோலோடியேசுக் என்ற பாதிரியார் 'கம் பி மை லைட்' என்ற புத்தகமாக வெளியிட்டார். அழித்துவிடுங்கள் என்று அன்னையே கேட்டிருந்த கடிதங்கள். உலகம் அதிர்ந்துபோனது. இந்த வேலையைத் தொடங்கிய காலத்திலிருந்தே அவருக்கு உள்ளே ஒரே இருட்டு. கடவுள் இருக்கிறார் என்ற உணர்வே இல்லை. 1958-இல் சில வாரங்கள் விலகி, மறுபடி மூடிக்கொண்ட இருட்டு. 1979-இல் நோபல் பரிசு வாங்கியபோதும் அதே நிலைமைதான்.

கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸ் போன்ற நாத்திகர்கள் இதை நம்பிக்கை இழந்தவரின் வாக்குமூலமாகப் படித்தார்கள். வேடிக்கை என்னவென்றால் நம் ஆட்கள் சிலரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்கள். "கத்தோலிக்கர்தானே, இரட்சிப்பின் நிச்சயம் எங்கேர்ந்து வரும்?"

கத்தோலிக்க சபை அந்த நிச்சயத்தை நம் பாணியில் போதிப்பதில்லை என்பது உண்மை. 1547-இல் திரெந்து சங்கம் அதை மறுத்தே தீர்மானம் போட்டது. ஆனால் நம் பக்கத்து ஏட்டையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டாமா? 1646-இல் எழுதி முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, பக்கா புராட்டஸ்டண்ட் ஆவணம். அதன் 18-ஆம் அதிகாரத்தின்படி உண்மையான விசுவாசிகூட இந்த நிச்சயம் கிடைக்க வெகுகாலம் காத்திருக்க நேரலாம். கிடைத்த பிறகும் அது ஆட்டம் காணலாம். அந்தச் சமயத்திலும் தேவன் அவனை அடியோடு விட்டுவிடுவதில்லை. ஆக, இரட்சிப்பு வேறு, இரட்சிக்கப்பட்டேன் என்ற உணர்வு வேறு.

நான் பேங்க் ஆள், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். பாஸ்புக்கில் ஆறு மாதமாக என்ட்ரி போடவில்லை என்று பதறிக்கொண்டு வருவார்கள். பணம் பாஸ்புக்கிலா இருக்கிறது? கணக்கு பேங்கில் இருக்கிறது. நம் உணர்ச்சி வெறும் பாஸ்புக். (பேங்கே கவிழ்ந்தால் காப்பீடு ஐந்து லட்சம் வரைதான் என்பதால் இந்த உவமையை ரொம்ப இழுக்க முடியாது!)

மல்கியா 3:6 கர்த்தர் மாறாதவர் என்பதோடு நிற்பதில்லை. அதனால்தான் யாக்கோபின் பிள்ளைகள் அழியாமல் இருக்கிறார்கள் என்றும் சொல்கிறது. அவர்கள் ஒழுங்காக இருந்ததால் அல்ல. அந்த அதிகாரத்தை மேலே படித்தால் காணிக்கையிலேயே கைவைத்த ஜனம் அது! காரணம் முழுக்க அவர் பக்கம். என் ஜுரத்துக்கும் தூக்கமின்மைக்கும் ஏற்றபடி தேவன் மாறுவார் என்றால் அப்படிப்பட்டவரை நம்பி யார் சாக முடியும்?

"அப்போ இஷ்டத்துக்கு வாழலாமா?" என்று கேட்பீர்கள். இரண்டு தீமோத்தேயு 2:13 நாம் உண்மையில்லாமல் போனாலும் அவர் உண்மையுள்ளவர் என்கிறது. அதற்கு முந்தின வசனம் அவரை மறுதலிப்பதைப் பற்றிக் கடுமையாகவே எச்சரிக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் மறுதலிப்பது ஒன்று, உணர முடியாமல் தவிப்பது முற்றிலும் வேறு. ஒன்றும் உணராமலே ஐம்பது வருடத்துக்குக் கிட்டத்தட்ட தினமும் ஜெபத்தில் உட்கார்ந்த அன்னையை எந்தக் கணக்கில் மறுதலித்தவர் என்பது?

எங்கள் சபை வாலிபர் முகாம் படிவத்தில் 'இரட்சிக்கப்பட்ட தேதி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. போன வருடம் என் பெண் அதில் தன் பிறந்தநாளை எழுதிக் கொடுத்துவிட்டாள். இந்த வருடம் அந்தக் கட்டத்தையே எடுத்துவிடலாமே என்று போதகரிடம் கேட்டிருக்கிறேன். கமிட்டியில் வைக்கிறேன் என்றிருக்கிறார்.